சிறுநீர்ப்பைக் கட்டியை எடுக்க கரன்ட்டா, லேசரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுநீரில் இரத்தம் வந்து, ஸ்கேன் எடுத்து, கேமரா விட்டுப் பார்த்து, "உள்ளே கட்டி இருக்கிறது, எடுத்துவிடலாம்" என்று டாக்டர் சொன்னதும் பலரும் ராத்திரி உட்கார்ந்து தேடுவது ஒன்றைத்தான்: சாதாரண கரன்ட் முறையா, பைபோலாரா, லேசரா, எது நல்லது? தேடினால் கிடைப்பதில் பாதி விளம்பரம், மீதி டாக்டர்களுக்காக டாக்டர்கள் எழுதியது. நடுவில் நிற்பவர்களுக்காக இது. உங்கள் டாக்டரின் ஆலோசனைக்கு இது மாற்று இல்லை, அவரிடம் போவதற்கு முன் படித்துவிட்டுப் போக உதவும், அவ்வளவுதான்.

இந்த அறுவையில் என்னதான் செய்கிறார்கள்? வயிற்றைக் கிழிப்பார்களா?

கிழிக்க மாட்டார்கள். சிறுநீர் வெளியே வரும் பாதை வழியாகவே ஒரு நீளமான குழாய்க் கருவியை உள்ளே விடுவார்கள். அதற்கு ரீசெக்டோஸ்கோப் என்று பெயர். அதிலேயே கேமராவும் வெளிச்சமும் இருக்கும், பையை விரித்து வைக்கவும் இரத்தத்தைக் கழுவவும் திரவம் ஓடிக்கொண்டே இருக்கும், நுனியில் கட்டியை வெட்டும் கருவி இருக்கும். அந்த நுனியில் இருப்பது எது என்பதில்தான் கரன்ட், லேசர் என்ற பேச்செல்லாம் வருகிறது. அறுவைக்கு டியூஆர்பிடி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தோ, முழு மயக்கம் கொடுத்தோ செய்வார்கள்.

இது சிகிச்சை மட்டும் இல்லை, பரிசோதனையும் கூட. இதைப் பலர் கவனிப்பதில்லை. எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் அது எந்த வகைக் கட்டி, எவ்வளவு ஆழம் வேர் விட்டிருக்கிறது என்பதெல்லாம் தெரியும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், பாதிக் குழப்பம் தானாகத் தீரும்.

மோனோபோலார் என்றால் என்ன?

பழைய முறை, இன்னும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கும் முறை. 1910-இல் நியூயார்க்கில் எட்வின் பீர் என்ற அறுவை மருத்துவர், சிஸ்டோஸ்கோப் என்ற, பைக்குள் பார்க்கும் குழாய்க் கருவி வழியாக உயர் அதிர்வெண் மின்சாரத்தை விட்டுச் சிறுநீர்ப்பைக் கட்டியைக் கருக்கிக் காட்டினார். அதுவரை வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. இன்றைய கருவிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

நுனியில் மெல்லிய கம்பி வளையம் இருக்கும். மின்சாரம் அந்த வளையத்திலிருந்து கிளம்பி, திசுவை வெட்டி, உடம்புக்குள் பயணம் செய்து, தொடையிலோ பிட்டத்திலோ ஒட்டியிருக்கும் ஒரு தகடு வழியாக மெஷினுக்குத் திரும்பும். வளையம் தொடும் இடத்தில் செல்லுக்குள் இருக்கும் நீர் கணத்தில் கொதித்து செல் வெடிக்கிறது, அதுதான் வெட்டு. மின்சாரத்தை விட்டு விட்டுப் பாய்ச்சினால் வெட்டாமல் கருகி இரத்தம் உறையும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உப்பு நீரில் மின்சாரம் பரவி ஓடிவிடும், வளையத்தில் வேலை நடக்காது. அதனால் மின்சாரம் கடத்தாத கிளைசின் கரைசல் போன்ற திரவத்தைத்தான் உள்ளே ஓட விட வேண்டும். அந்தத் திரவம் வெட்டிய இரத்தக் குழாய்கள் வழியாக உடம்புக்குள் அதிகமாகப் போய்விட்டால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். குமட்டல், குழப்பம், பார்வை மங்கல், மோசமானால் வலிப்பு. இதற்கு டியூஆர் சிண்ட்ரோம் என்று பெயர். ப்ராஸ்டேட் அறுவையில்தான் இதன் பயம் அதிகம், சிறுநீர்ப்பைக் கட்டிக்கு நேரம் குறைவாகத்தான் ஆகும் என்பதால் அபூர்வம். ஆனால் பெரிய கட்டி, நீண்ட அறுவை, அல்லது சுவரில் ஓட்டை விழுந்து திரவம் வயிற்றுக்குள் இறங்கியது என்றால் இங்கேயும் வரலாம்.

பைபோலார் எப்படி வேறு?

மின்சாரம் போவதும் திரும்புவதும் கருவியின் நுனியிலேயே நடந்துவிடும். உடம்பு முழுக்கச் சுற்றி வர வேண்டியதில்லை, தொடையில் ஒட்டிய தகடு வழியாகத் திரும்ப வேண்டியதில்லை. சாதாரண சலைனிலேயே வேலை செய்யும், சொல்லப்போனால் சலைன் இருந்தால்தான் வேலை செய்யும், ஏனென்றால் வளையத்தைச் சுற்றி பிளாஸ்மா என்ற, மின்னேற்றம் பெற்று ஒளிரும் மெல்லிய வாயுப் படலம் உருவாக உப்பு நீர் தேவை. அந்தப் படலம்தான் வெட்டுகிறது. திசுவில் ஏறும் சூடும் மோனோபோலாரை விடக் குறைவு.

சலைன் என்பதால் சோடியம் விழும் ஆபத்து போய்விடுகிறது. இது நிஜமான லாபம், இதில் சண்டையே இல்லை. ஆனாலும் லிட்டர் கணக்கில் சலைன் உடம்புக்குள் ஏறினால் இதயம் பலவீனமானவருக்கு மூச்சுத் திணறல் வரலாம், "சலைன்தானே" என்று அசட்டையாகவும் இருக்க முடியாது.

அப்போ பைபோலார்தான் மேல் என்று முடிவு கட்டிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். பைபோலார் வந்தபோது மூன்று விஷயங்கள் எதிர்பார்க்கப்பட்டன: கால் உதறல் குறையும், இரத்தப்போக்கு குறையும், பயாப்சிக்குப் போகும் சதை கருகாமல் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சிலவற்றில் பைபோலாருக்குச் சாதகம், சிலவற்றில் வித்தியாசமே இல்லை. ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதலும் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றுதான் சொல்கிறது. முக்கியமாக, கட்டி திரும்ப வருவதில் இந்த இரண்டுக்கும் நடுவே நம்பும்படியான வித்தியாசம் காட்டப்படவில்லை.

என் கருத்தைக் கேட்டால், இரண்டும் இருக்கும் இடத்தில் பைபோலாரைத் தேர்ந்தெடுப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. மோனோபோலார் மட்டுமே இருக்கும் இடத்தில், கை தேர்ந்த டாக்டர் இருந்தால், மெஷினுக்காக அவரை விட்டு வேறு ஊருக்கு ஓட வேண்டியதும் இல்லை.

கால் உதறல் என்கிறார்களே, அது என்ன? மயக்கத்தில் இருக்கும்போது கால் ஏன் உதறுகிறது?

நல்ல கேள்வி. இந்த ஒப்பீட்டில் சுவாரசியமான இடமே இதுதான்.

சிறுநீர்ப்பையின் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி ஆப்டுரேட்டர் நரம்பு என்று ஒன்று ஓடுகிறது. தொடைகளை உள்பக்கம் சேர்க்கும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பு. பை நிரம்பி விரியும்போது சுவர் அந்த நரம்புக்கு இன்னும் நெருக்கமாகப் போய்விடும். அந்த நேரத்தில் பக்கவாட்டுச் சுவரில் இருக்கும் கட்டியைக் கரன்ட் வைத்து வெட்டினால் நரம்பு தூண்டப்பட்டு, தொடை சட்டென்று உள்பக்கம் உதறும். முதுகு ஊசி இதைத் தடுக்காது, ஏனென்றால் மரத்துப்போன இடம் முதுகுத்தண்டு பக்கம், தூண்டப்படுவதோ அதற்கு வெகு கீழே இருக்கும் நரம்பு. உள்ளே சூடான வளையம் இருக்கும்போது இடுப்பு ஒரு விரற்கடை நகர்ந்தாலும் போதும், வளையம் சுவரைத் தாண்டி வெளியே போய்விடலாம். பையில் ஓட்டை விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதைச் சமாளிக்க வழிகள் உண்டு. முழு மயக்கம் கொடுத்துத் தசையைத் தளர்த்தும் மருந்தும் போடுவது ஒன்று. ஆப்டுரேட்டர் நரம்பையே தனியாக ஊசி போட்டு மரக்க வைப்பது இன்னொன்று. பையை முழுக்க நிரப்பாமல் பாதி விரிவில் வெட்டுவது, கரன்ட்டின் அளவைக் குறைப்பது, விட்டு விட்டுத் தொட்டு வெட்டுவது என்று அனுபவத்தில் வந்த நுணுக்கங்களும் இருக்கின்றன. பைபோலாரில் மின்சாரம் நுனியிலேயே திரும்பிவிடுவதால் உதறலே வராது என்று முதலில் நினைத்தார்கள். நடைமுறையில் வரத்தான் செய்கிறது. லேசரில் மட்டும்தான் மின்சாரம் திசுவுக்குள் போவதே இல்லை, அதனால் அங்கே இந்த உதறல் இல்லை.

உங்கள் கட்டி பக்கவாட்டுச் சுவரில் இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் இருந்தால், "கால் உதறாமல் இருக்க என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். மயக்க மருந்து டாக்டரிடமும் கேட்கலாம். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

லேசர் எப்படி வேலை செய்கிறது? எல்லா லேசரும் ஒன்றுதானா?

ஒன்றில்லை. இன்று இந்த வேலைக்கு அதிகம் பயன்படுவது ஹோல்மியமும் தூலியமும். ஹோல்மியத்தின் அலைநீளம் சுமார் 2100 நானோமீட்டர், தூலியம் 2000-ஐ ஒட்டி, தூலியம் ஃபைபர் லேசர் என்று பின்னால் வந்தது 1940. இந்த அலைநீளங்களைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். திசுவில் பெரும்பகுதி தண்ணீர்தானே, அதனால் சக்தி முழுக்க மேலேயே செலவாகி, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்துக்குத்தான் இறங்கும். அடியில் இருப்பது அதிகம் வேகாது.

ஹோல்மியம் துடிப்புத் துடிப்பாக அடிக்கும், ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு நீராவிக் குமிழ் வெடித்துத் திசுவைப் பிரிக்கும். தூலியம் விடாமல் சீராக எரிவதால் வெட்டு வழுவழுப்பாக இருக்கும், இரத்தமும் நன்றாக நிற்கும். இரண்டையும் பழகியவர்கள் ஆளுக்கு ஒன்றைச் சொல்வார்கள், நோயாளிக்கு அதில் பெரிய வித்தியாசம் இல்லை.

முன்பு என்டி-யாக் என்ற லேசர் இருந்தது, 1064 நானோமீட்டர். அது திசுவுக்குள் பல மில்லிமீட்டர் ஆழம் இறங்கும். மேலே கட்டி மட்டும் வெந்திருப்பது போலத் தெரியும், பைக்குப் பின்னால் இருக்கும் குடலுக்கும் சூடு போய்ச் சேர்ந்திருக்கும். இந்த வேலையில் அதன் மவுசு குறைய அது ஒரு காரணம். "லேசர் ஆபத்து" என்று பெரியவர்கள் யாராவது சொன்னால் அது அந்தக் காலத்துப் பேச்சாக இருக்கலாம்.

லேசரில் எடுத்தால் கட்டி திரும்ப வராதாமே?

வரும். லேசர் என்ற சொல்லுக்கே ஒரு மாயம் இருக்கிறது, அதை வைத்துத்தான் பாதி வியாபாரம் நடக்கிறது. கரன்ட்டோ லேசரோ, இரண்டும் கண்ணுக்குத் தெரிந்த கட்டியை எடுக்கும் கருவிகள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சிறுநீர்ப்பையின் உள்படலம் முழுக்கவே கெடத் தொடங்கியிருக்கலாம், புகையிலைப் புகையில் இருக்கும் இரசாயனங்கள் சிறுநீரில் கரைந்து அந்தப் படலத்தை வருஷக்கணக்கில் நனைத்திருக்கலாம். அதை எந்த மெஷினும் சரிசெய்யாது. தசைக்குள் இறங்காத கட்டிகளை 2006-இல் ஐரோப்பியக் குழு ஒன்று கணக்கிட்டபோது, 5 வருஷத்துக்குள் திரும்ப வரும் வாய்ப்பு கட்டியின் வகையைப் பொறுத்து 31 சதவீதத்திலிருந்து 78 சதவீதம் வரை இருந்தது. கட்டி எத்தனை, எவ்வளவு பெரிது, முன்பு வந்ததா, எந்த கிரேடு (செல்கள் எவ்வளவு கெட்டிருக்கின்றன என்பதன் அளவு) என்பதை வைத்துப் போட்ட கணக்கு அது. எந்தச் சக்தியால் வெட்டினார்கள் என்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை.

லேசரின் நிஜமான லாபம் வேறு: கால் உதறல் இல்லை, இரத்தம் குறைவு, அறுவைக்குப் பிறகு சிறுநீர் வடிய வைத்திருக்கும் குழாயை (கதீட்டர்) கொஞ்சம் சீக்கிரம் எடுக்கலாம்.

குறையும் உண்டு. லேசரால் கட்டியை ஆவியாக்கியே தீர்த்துவிட்டால் பயாப்சிக்கு அனுப்பச் சதையே இருக்காது. முதல் தடவை வந்த கட்டிக்கு அப்படிச் செய்தால் என்ன நோய் என்றே தெரியாமல் போகும். அதனால் லேசர் என்றால் "ஆவியாக்கப் போகிறீர்களா, வெட்டி எடுக்கப் போகிறீர்களா?" என்று கேட்பது அவசியம்.

கட்டியை ஒரே துண்டாக எடுப்பது என்கிறார்களே?

என்-ப்ளாக் என்று சொல்வார்கள். வழக்கமான முறையில் வளையத்தால் கட்டியைச் சீவிச் சீவித் துண்டு துண்டாக எடுத்து, கடைசியில் கழுவி வெளியேற்றுவார்கள். புற்றுநோய் அறுவையில் கட்டியைத் துண்டாடக் கூடாது என்பது பாலபாடம், சிறுநீர்ப்பையில் மட்டும் அந்த விதியை இத்தனை காலம் மீறிக்கொண்டே இருந்தோம். துண்டாடும்போது செல்கள் திரவத்தில் மிதந்து வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம் என்ற சந்தேகம் நெடுநாளாக உண்டு. இன்னொரு பிரச்சினை, துண்டுகளாகப் போன சதையில் மேல் எது, அடி எது என்று பயாப்சி பார்ப்பவருக்கே தெரியாது.

ஒரே துண்டாக எடுக்கும் முறையில் கட்டியைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் நல்ல படலத்தையும் சேர்த்து வட்டமாகக் கீறி, அடியில் தசை வரை இறங்கி, தோசையைத் திருப்புவது போல மெல்லக் கிளப்பி முழுசாக எடுப்பார்கள். இதை மோனோபோலாரிலும் செய்யலாம், பைபோலாரிலும் செய்யலாம், லேசரிலும் செய்யலாம். ஆக, இங்கே மாறுவது சக்தி இல்லை, வெட்டும் முறை. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். லேசருக்குச் சாதகமாக வந்த ஆய்வுகள் சிலவற்றில் லேசரால் ஒரே துண்டாக எடுத்ததை, கரன்ட்டால் துண்டு துண்டாக எடுத்ததோடு ஒப்பிட்டிருப்பார்கள். நல்ல பலன் கிடைத்தால் அது லேசருக்குச் சேர வேண்டியதா, முறைக்குச் சேர வேண்டியதா என்று எப்படிச் சொல்வது?

2024-இல் ஹாங்காங்கிலிருந்து வந்த ஆய்வு ஒன்று 3 சென்டிமீட்டர் வரையிலான கட்டிகளில் இந்த இரண்டு முறைகளையும் நேரடியாக ஒப்பிட்டது. ஒரு வருஷத்தில் கட்டி திரும்ப வந்தது ஒரே துண்டாக எடுத்தவர்களில் 29 சதவீதம், வழக்கமான முறையில் 38 சதவீதம். எல்லா ஆய்வும் இப்படிச் சொல்லவில்லை, திரும்ப வருவதில் வித்தியாசம் காணாத ஆய்வுகளும் உண்டு. ஆனால் மெஷின் எது என்பதை விட எப்படி வெட்டுகிறார்கள் என்பதில் கேள்வி கேட்பது பயன் தரும் என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

எல்லாக் கட்டியையும் அப்படி எடுக்கலாமே?

முடியாது. 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் முழுசாக வெட்டி எடுத்தாலும் அதைச் சிறுநீர்ப் பாதை வழியாக வெளியே கொண்டுவருவது பெரும்பாடு. இடமும் ஒத்துழைக்க வேண்டும். பெரிய கட்டிக்கு இன்றும் சீவி எடுப்பதுதான் வழி, அதில் தவறு ஒன்றும் இல்லை. அப்படி எடுக்கும்போதும் மேற்பகுதி, அடிப்பகுதி, ஓரம் என்று தனித்தனிப் புட்டிகளில் போட்டு அனுப்பினால் பயாப்சி பார்ப்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

பயாப்சி ரிப்போர்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

தசை இருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீர்ப்பைச் சுவரில் இருக்கும் தசைக்கு டெட்ரூசர் என்று பெயர். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் சிறுநீர்ப்பைப் புற்றில் சுமார் முக்கால்வாசி தசைக்குள் இறங்காதவை. இறங்கியதா இல்லையா என்பதில்தான் மொத்தச் சிகிச்சையும் தடம் மாறுகிறது: இறங்கவில்லை என்றால் பையைக் காப்பாற்றிக் கொண்டு கண்காணிக்கலாம், இறங்கிவிட்டது என்றால் பையையே எடுக்கும் பேச்சு அல்லது கீமோ, கதிர்வீச்சு என்ற பேச்சு வரும். எடுத்த சதையில் தசையே இல்லை என்றால் இதைத் தீர்மானிக்க முடியாது. "தசையில் பரவல் இல்லை" என்பதும் "சதையில் தசை இல்லை" என்பதும் படிக்க ஒன்று போலத் தோன்றும், அர்த்தம் ஏணி வைத்தாலும் எட்டாத தூரம். முதலாவது நல்ல செய்தி, இரண்டாவது செய்தியே இல்லை.

சக்தி இங்கே எப்படி நுழைகிறது என்றால், சூட்டில் கருகிய ஓரங்களைப் படிக்க முடியாது. மின்சாரத்தை அதிகமாக வைத்து, சின்னச் சின்னத் துண்டாகச் சீவினால் எல்லாத் துண்டும் ஓரமாகவே இருக்கும். இங்கே பைபோலார் கொஞ்சம் உதவலாம், ஒரே துண்டாக எடுப்பது இன்னும் அதிகம் உதவும்.

ஒரு தடவை எடுத்தாச்சு, ஏன் மறுபடி அறுவை என்கிறார்கள்? முதல் தடவை சரியாகச் செய்யவில்லையா?

அப்படி நினைக்க வேண்டியதில்லை. கட்டி உள்படலத்தைத் தாண்டி அடுத்த அடுக்குக்குள் இறங்கியிருந்தால் அதை டி1 என்பார்கள். அந்த வகையில், மிக நன்றாகச் செய்த அறுவைக்குப் பிறகும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப் பேர் வரை உள்ளே மிச்சம் இருப்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அதனால் சுமார் 2 முதல் 6 வாரத்துக்குள் அதே இடத்தை மறுபடி சுரண்டிப் பார்ப்பார்கள். சதையில் தசை இல்லாவிட்டாலும், கட்டி முழுசாக வரவில்லை என்று டாக்டருக்கே தோன்றினாலும் இதேதான். தாழ்ந்த கிரேடு, மேலோட்டமான கட்டி என்றால் பொதுவாக இது வேண்டியதில்லை.

எனக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறது.

மோனோபோலார் மின்சாரம் உடம்புக்குள் பயணம் செய்வதால் பேஸ்மேக்கரைக் குழப்பலாம். பைபோலார் நல்லது, லேசர் அதை விட நல்லது. பேஸ்மேக்கர் அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள், மயக்க மருந்து டாக்டரிடம் முதல் வேலையாகச் சொல்லுங்கள். மெஷின் எது என்று அடம்பிடிக்க நியாயமான காரணம் உள்ள சில பேரில் நீங்கள் ஒருவர்.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். லேசர் என்றால் நிறுத்த வேண்டாமா?

லேசரில் இரத்தம் நன்றாக நிற்கும் என்பது உண்மைதான். அதை வைத்து நீங்களாகவே ஒரு முடிவுக்கு வராதீர்கள். எந்த மாத்திரை, எதற்காக என்பதைப் பொறுத்தது. சமீபத்தில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் மாத்திரையை நிறுத்துவது, கட்டியை விடப் பெரிய ஆபத்தாக முடியலாம். இதய டாக்டரும் சிறுநீரக டாக்டரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

சின்னக் கட்டிதான். அட்மிட் ஆகாமல் ஓபி-யிலேயே கருக்கிவிட முடியாதா?

சிலருக்கு முடியும். ஏற்கெனவே தாழ்ந்த கிரேடு என்று உறுதியாகி, அதே மாதிரி சின்னச் சின்னதாகத் திரும்ப வருபவர்களுக்கு, மரத்துப்போகும் ஜெல் மட்டும் போட்டு, வளையும் கேமரா வழியாக மெல்லிய லேசர் இழையையோ கரன்ட் முனையையோ விட்டுக் கருக்கிவிடுவது உண்டு. வயதானவர்கள், அடிக்கடி மயக்கம் கொடுக்க முடியாதவர்கள் ஆகியோருக்கு இது பெரிய வரம். முதல் தடவை வந்த கட்டிக்கு இது சரிவராது, காரணம் மேலே சொன்னதுதான்: சதை வேண்டும்.

கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து முறை மாறுமா?

மாறும். பக்கவாட்டுச் சுவரைப் பற்றிச் சொல்லியாயிற்று. சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் பைக்குள் திறக்கும் வாயில் கட்டி உட்கார்ந்திருந்தால் வெட்டலாம், ஆனால் அங்கே போட்டுக் கருக்கக் கூடாது, தழும்பு விழுந்து வாய் அடைத்துக்கொண்டால் சிறுநீரகம் வீங்கும். பையிலிருந்து பிதுங்கிய பிதுக்கங்களுக்குள் கட்டி இருந்தால் அங்கே சுவரில் தசையே இருக்காது, காகிதம் மாதிரி மெல்லியது, எந்தச் சக்தியானாலும் ஓட்டை விழும் பயம் உண்டு.

பையின் கூரையில் இருக்கும் கட்டிக்கு ஒரு விசித்திரமான சங்கதி. கரன்ட்டால் வெட்டும்போது ஹைட்ரஜன் போன்ற வாயுக்கள் உருவாகி மேலே குமிழாகச் சேரும். அதோடு வெளிக் காற்றும் கலந்து, அந்தக் குமிழுக்குள் வளையம் பொறி தட்டினால் பைக்குள்ளேயே வெடிக்கலாம். மிக மிக அபூர்வம், இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் குமிழை அவ்வப்போது வெளியேற்றிக்கொண்டே வெட்ட வேண்டும் என்பது அறுவை செய்பவர்களுக்குத் தெரியும்.

ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்?

பெரும்பாலும் சின்ன ஓட்டை, குடலைச் சூழ்ந்திருக்கும் வயிற்று உறைக்கு வெளியே. கதீட்டரைச் சில நாள் கூடுதலாக விட்டுவைத்தால் தானாக மூடிக்கொள்ளும். வயிற்று உறைக்குள்ளேயே திறந்துவிட்டால் சில சமயம் வயிற்றைத் திறந்து தைக்க வேண்டி வரும். இன்னொரு நஷ்டமும் உண்டு: ஓட்டை விழுந்தால் அறுவை முடிந்ததும் பைக்குள் விட வேண்டிய மருந்தை விட முடியாது.

அது என்ன மருந்து?

மைட்டோமைசின், எபிரூபிசின், ஜெம்சிடபின் போன்ற கீமோ மருந்துகளில் ஒன்றை, அறுவை முடிந்த சில மணி நேரத்துக்குள், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், கதீட்டர் வழியாக ஒரே ஒரு தடவை பைக்குள் விட்டு, கொஞ்ச நேரம் வைத்திருந்து வடித்துவிடுவார்கள். மிதக்கும் செல்களைக் கொல்வதற்காக. முடி கொட்டாது, நரம்பு வழியாகப் போகும் கீமோவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

2016-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கில், இந்த ஒரு தடவை மருந்தால் 5 வருஷத்தில் கட்டி திரும்ப வருவது சுமார் 59 சதவீதத்திலிருந்து 45-க்குக் குறைந்தது. எல்லோருக்கும் அல்ல, ஆபத்து குறைந்த வகைகளில்தான் இதன் பலன் தெளிவு. மோனோபோலாரா பைபோலாரா என்று பத்து இடத்தில் விசாரிப்பவர்கள், இந்த மருந்தைப் பற்றி ஒரு கேள்வி கூடக் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். மெஷின் மாற்றத்தால் கிடைக்கிறதா இல்லையா என்று இன்னும் வாதம் நடக்கும் லாபத்தை விட, இது எவ்வளவோ உறுதியானது.

ஆபத்து அதிகமான வகை என்றால் பிசிஜி. காசநோய்த் தடுப்பூசியில் இருக்கும் அதே கிருமிதான், பைக்குள் விட்டு உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவார்கள். அதை அறுவை முடிந்த கையோடு விட மாட்டார்கள், புண் ஆற வேண்டும், சில வாரம் கழித்துத்தான்.

நீல வெளிச்சத்தில் பார்ப்பது?

அது வெட்டும் சக்தி இல்லை, பார்க்கும் உத்தி. ஒரு மருந்தை முன்கூட்டியே பைக்குள் விட்டால் கட்டி செல்கள் அதை உள்வாங்கிக்கொண்டு நீல ஒளியில் சிவப்பாக மின்னும். வெள்ளை வெளிச்சத்தில் தப்பிப்போகும் சின்னக் கட்டிகளும் படலத்தோடு படலமாகப் படர்ந்த கெட்ட செல்களும் இதில் சிக்கும். பார்க்காத கட்டியை எந்த லேசராலும் வெட்ட முடியாதே, அதனால் வசதி இருக்கும் இடத்தில் பயனுள்ளது.

கதீட்டர் எத்தனை நாள்?

சின்னக் கட்டி என்றால் ஒரு நாள், சில இடங்களில் அன்றைக்கே எடுத்துவிடுவார்கள். பெரிய கட்டி, ஆழமாக வெட்டியது என்றால் இரண்டு மூன்று நாள் அல்லது அதற்கு மேல். லேசரில் சராசரியாகக் கொஞ்சம் குறைவு.

சரி, கடைசியாக டாக்டரிடம் என்னதான் கேட்பது?

"லேசர் இருக்கிறதா?" என்று ஆரம்பிக்காதீர்கள். கட்டி எங்கே, எத்தனை, எவ்வளவு பெரிது என்று கேளுங்கள். ஒரே துண்டாக எடுக்க முடியுமா, முடியாது என்றால் ஏன் என்று கேளுங்கள். தசை வரை ஆழமாக எடுத்து அனுப்புவீர்களா, அறுவை முடிந்ததும் மருந்து விடுவீர்களா என்று கேளுங்கள். அப்புறம் தாராளமாக மெஷினைப் பற்றிக் கேட்கலாம். "எனக்கு இதில்தான் கை பழகியிருக்கிறது" என்று அவர் சொன்னால் அதைத் தட்டிக் கழிக்கும் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது நேர்மையான பதில். வருஷக்கணக்கில் மோனோபோலாரில் வெட்டியவர் உங்கள் வற்புறுத்தலுக்காக முதல் தடவையாக லேசரைக் கையில் எடுப்பதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து மறுபடி இரத்தம் வருகிறதே?

பயப்படும்படி பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. வெட்டிய இடத்தில் காய்ந்த பொருக்கு உதிரும் சமயம் அது. கரன்ட்டில் செய்தாலும் லேசரில் செய்தாலும் இது நடக்கலாம். நிறையத் தண்ணீர் குடியுங்கள், முக்காதீர்கள், பாரம் தூக்காதீர்கள். ஆனால் கட்டி கட்டியாக இரத்தம் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டு அடிவயிறு உப்பினாலோ, காய்ச்சலும் குளிரும் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இதெல்லாம் இல்லாமல் நன்றாகவே இருந்தாலும் மூன்றாவது மாதம் மறுபடி கேமரா விட்டுப் பார்க்கச் சொல்வார்கள், அந்தத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.